இருட்டில் பெண் பார்த்தார்கள்

ஓர் அறை முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்து, எதிர்ச்சுவரில் மங்கலாக ஒரு நீல விளக்கை வைத்துவிட்டால் அது கலை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கரண்ட் போனது. 'இருள் உங்களை உங்களுக்கே காட்டும்' என்று அதைச் செய்த கலைஞர் கண்காட்சி வாசலில் எழுதி மாட்டியிருக்கிறார். திறப்புவிழாவன்று அவரே தூணில் போய் முட்டிக்கொண்டார்.

வருகிறவர்களின் போன்களை வாங்கி வைத்துவிட்டுத் திரையை விலக்குவது என் வேலை. அக்கா உள்ளே கறுப்பு உடையில் மூலை ஸ்டூலில் இருப்பாள். யாராவது தடுமாறினால் கைபிடித்துக் கூட்டிவர வேண்டும். மற்றபடி மூச்சுக் காட்டக்கூடாது. வெளிச்சத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது. உள்ளேயே இருப்பவளுக்கு எல்லாம் தெரியும்.

அன்று அக்காவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். கொஞ்ச நாளாக அக்கா அவர் போட்டோவைப் பார்த்துப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா எங்கம்மா?"

"உள்ளதான் இருக்கா அத்தை."

உள்ளே என்றால் ஏதோ ஆபீஸ் ரூம் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. திரையை விலக்கி விட்டேன். இந்தப் பக்கம் நின்ற எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"என்னடா இது, ஒண்ணுமே தெரியல!"

"பழகிக்கோம்மா. அவ வந்தா வீடே இப்படித்தான் இருக்கும்."

"சிரிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லு. பல்லை வச்சாவது கண்டுபிடிச்சுக்கலாம்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரித்த வேகத்தில் அந்த அம்மா எதிலோ இடித்துக்கொண்டு "ஐயோ" என்றார். ஸ்டூல் நகர்ந்தது.

"நல்லவேளை கண்ணு, நீ வந்தே. கையை விட்டுடாத."

அக்கா அவரைப் பத்திரமாக வெளியே கூட்டிவந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, தன் கையைப் பிடித்திருப்பது யாரென்று பார்த்தபோது அந்த அம்மாவின் முகம் போன போக்கை ஒரு விளக்குப் போட்டுச் சுவரில் மாட்டலாம். பின்னால் வந்த மாப்பிள்ளை, வாசலில் மாட்டியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். ஒற்றை வரிதான். படித்துக்கொண்டே இருந்தார்.

"சும்மா விளையாட்டுக்குப் பேசிட்டிருந்தோம்மா..."

"கையை விடுங்க மேடம். வெளிச்சம் வந்தாச்சு," என்றாள் அக்கா. "எங்க அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இவங்க போனைக் குடுத்துட்டு அடுத்தவங்களை உள்ள அனுப்புடி."