தம்பித் தட்டு

எங்கள் சூரியசாமி எரியன் நல்ல மனசோடு உதிக்கிறவர் இல்லை. அவருக்கு ஒரு தம்பி இருந்தான், அவரைவிடப் பிரகாசம். அம்மா அவனைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். பொறுக்காமல் எரியன் அவனைப் பூமிக்குள் தள்ளி மூடிவிட்டார். அன்றிலிருந்து விடியலில் ஒரு கண்ணை மட்டும் வைத்து எட்டிப் பார்ப்பார். நாங்கள் கோயில் மாடியில் பித்தளைத் தட்டைத் தூக்கிக் காட்டுவோம். தன் முகத்தையே அதில் பார்த்து, தம்பி திரும்பி வந்துவிட்டான் என்று வயிறெரிந்து ஓடி வருவார். தட்டு இல்லாவிட்டால் மறுபடி படுத்துவிடுவார்.

தூக்குகிறவன் கண்ணை மூடிக்கொண்டுதான் தட்டைச் சுற்றிய துணியை உருவ வேண்டும். தட்டில் தன் மூஞ்சியைப் பார்த்துக்கொள்கிறவனை எரியன் தம்பி என்று நினைத்துச் சுட்டுவிடுவார்.

முப்பத்தொரு வருஷம் தூக்கியவன் நான். கை நடுங்குகிறதென்று பூசாரி தட்டைப் பிடுங்கி என் மனைவியின் தம்பியிடம் கொடுத்தார். துலக்கித் துணி சுற்றுகிற வேலை மட்டும் எனக்கு.

"நீங்க துலக்குங்க மாமா, நான் தூக்குறேன். ரெண்டு பேருக்கும் புண்ணியம்" என்றான் மச்சான். அவன் சிரிப்பை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

வீட்டிலும் அதே பாட்டு. "என் தம்பி கையில தட்டு அசையாம நிக்குது. உங்க கையில கூத்தாடிச்சே" என்றாள் மனைவி.

ஊர்த் தையல்காரன்கூட மச்சானுக்குச் சும்மாவே சட்டை தைத்துக் கொடுத்தான். எனக்கு ஒரு பொத்தான் தைத்ததில்லை.

ஒரு சாயங்காலம் சாம்பல் போட்டுத் துலக்கி முடித்தேன். தட்டு பளபளவென்றிருந்தது. நாளைக்கு இதை அவனல்லவா தூக்குவான்! விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து முழுக்கப் பூசினேன். துணியைச் சுற்றினேன். எரியன் வராவிட்டால் ஊரே இருட்டில் கிடக்கும். கிடக்கட்டும். பழி அவன் மேல்தானே.

விடியலில் ஊர் முழுக்க முற்றத்தில் நின்றது. மச்சான் கண்ணை மூடித் துணியை உருவித் தூக்கினான். தட்டு அடுப்புச் சட்டி மாதிரி இருந்தது.

எரியன் வந்தார். வழக்கமான நேரத்துக்கே வந்தார்.

பூசாரிதான் முதலில் கத்தினார். "பாத்தீங்களா! இனிமே தம்பி மூஞ்சி வேணாம்னு சாமியே தட்டைக் கறுப்பாக்கிட்டாரு. இத்தனை நாள் பொறாமையில வந்தவரு, இன்னைக்குப் பிரியத்துல வந்திருக்காரு. இவன் கை அப்படி!"

மச்சானைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தையல்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "உன் காலத்துல ஏமாத்தித்தான் கூப்பிட வேண்டியிருந்துச்சு, இல்ல பெருசு?"

வீட்டில் மனைவி என் விரலையே பார்த்தாள். "நகத்துல என்ன கரி?"

"அடுப்பு பத்த வச்சேன்."

"கல்யாணமாகி என்னைக்கு நீங்க அடுப்பு பத்த வச்சீங்க?" அப்புறம் ஒரு சொம்பு வெந்நீர் கொண்டு வந்து வைத்தாள். "கழுவுங்க. வெளிய சொல்லித் தொலைச்சிடாதீங்க. என் தம்பி பேரு போயிடும்."

தட்டைத் துலக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலையும் போயிற்று. ஆனாலும் விடியலில் முதல் ஆளாய் முற்றத்தில் போய் நிற்கிறேன். மச்சான் தூக்குகிறான். இந்தப் பக்கம் நான் பார்க்கிறேன், அந்தப் பக்கம் எரியன் எட்டிப் பார்க்கிறார். பிரியத்தில் வருகிறாராம். மூஞ்சியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.