ஆணியில் தொங்கிய ரொட்டி

நொதிருக்கு வாய் திறக்கவே தெம்பில்லை. மாஸ்கோவிலிருந்து நாள்கணக்கில் பஸ்ஸில் வந்து, உஸ்பெகிஸ்தானில் சொந்த ஊரான கோகந்தில் இறங்கியவனைப் படுக்கவிடாமல் சொந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டது.

"மாப்ளே, அங்க மெட்ரோ ஸ்டேஷன்ல சரவிளக்கெல்லாம் தொங்குமாமே?" என்றார் தொஹிர் மாமா.

தொங்கும்தான். அதன் கீழே தூங்கி வழிந்துகொண்டு நடந்தது மட்டுமே இவனுக்கு ஞாபகம். பதினெட்டு வயதில் போனவன், ஆறு குளிர்காலம் அடுக்குமாடி வாசல்களில் பனி தள்ளினான். அந்தக் கட்டடங்களின் நிலவறையில், வெந்நீர்க் குழாய்களை ஒட்டிப் படுத்தான். போனில் அம்மாவிடம் சொன்னதென்னவோ ஆபீஸ் வேலை.

இனிப் போகமாட்டேன் என்று சொல்லிவிடத்தான் வந்திருந்தான். அதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"ஒரு மாசத்துல கிளம்பிடுவே, இல்லே? அடுத்த தடவை எனக்கொரு நல்ல போனாப் பாத்து வாங்கிட்டு வா."

நொதிர் தலையாட்டித் தொலைத்தான். தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

எல்லோரும் போனபின் அம்மா ஸுல்ஃபியா சுவரிலிருந்து ரொட்டியை இறக்கினாள். ஊரைவிட்டுப் போகிறவன் வாசலில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மிச்சம் அவன் வரும்வரை ஆணியில் தொங்கும். வந்து அதைத் தின்றால்தான் பயணம் முடிந்ததாகக் கணக்கு.

நொதிர் ரொட்டியைத் திருப்பிப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பந்து பட்டு அவன் முன்பல் பாதி உடைந்திருந்தது. அவன் கடித்தால் நடுவில் ஒரு மேடு நிற்கும். இதிலோ கடித்த இடம் வழவழவென்று வளைந்திருந்தது.

"என்னடா பாக்குற?"

"ஒண்ணுமில்லம்மா. நான் கடிச்சதுதானே." கல்லாகக் கிடந்ததைத் தேநீரில் நனைத்து மென்றான்.

"பொய் சொல்லாதடா. உன்னுத ரெண்டாவது குளிர்லயே எலி தின்னுடுச்சு. நீ வராமலே போயிடுவியோன்னு எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. வேற சுட்டு நானே கடிச்சு மாட்டினேன்."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "நானும் ஆபீஸ்ல இல்லம்மா."

"தெரியும். ஆபீஸ்காரன் கை இப்படியா வெடிச்சிருக்கும்?"

அடுப்படிக்குப் போனவள், சுடச்சுட இன்னொரு ரொட்டியுடன் வந்தாள். அதற்குள் அடுத்த பயணமா? எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல் ஒரு வாய் கடித்துவிட்டு மிச்சத்தை அவளிடம் நீட்டினான்.

அம்மா கையை நீட்டவில்லை.

"எங்கிட்ட ஏன்டா தர்ற? மாட்டுறதுக்கு ஆணி கிடையாது, பிடுங்கிட்டேன். முழுசாத் தின்னுட்டுப் படு."