வால் வைத்த வட்டம்

மா வூட் யீயின் வாடகைப் புத்தகக் கடையில் எந்தப் புத்தகத்துக்கும் முகம் கிடையாது. வாங்கி வந்த அன்றைக்கே அட்டையைப் பிய்த்து, முதுகில் தடித்த நூல் போட்டுத் தைத்து, மேலே பழுப்புக் காகிதத்தை ஒட்டிவிடுவாள். ஊர் முழுக்கக் கைமாறும் புத்தகம் அப்படித் தைத்தால்தான் தாங்கும். உள்ளே இருப்பது காதல் கதையா, கக்கூஸ் தொட்டி கட்டும் முறையா என்பது பிரித்துப் படித்தால்தான் தெரியும். படித்ததையே மறுபடி தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்க, வாசகர்கள் கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொரு குறியைப் பென்சிலால் போட்டுவைப்பார்கள். அரிசிக் கடைக்காரர் முக்கோணம் போடுவார். ஞோ மேயின் குறி, வால் வைத்த வட்டம்.

அந்தக் குறி அவள் பார்த்த வேலையிலிருந்து வந்தது. முப்பது வருஷம் மோல்மீன் நகரத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வயரை இழுத்து ஓட்டையில் சொருகி ஊரைப் பேசவைத்தவள். அப்போதெல்லாம் யாரும் நம்பர் சொல்ல மாட்டார்கள். "மீன் ஏலக்காரர் வீடு" என்பார்கள், இவள் கை தானாகப் போகும். ஞாபகசக்திக்கு ஞோ மே என்று ஊரே சொன்னது. அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

மழை ஓய்ந்து குளிர் எட்டிப் பார்த்த ஒரு காலையில், கடையில் கைக்கு வந்த புத்தகம் ஒன்றைப் பிரித்தாள். தேனீ வளர்ப்பு. ஞோ மே நாவலைத் தவிர வேறெதையும் தொடாதவள். வைத்துவிடப் போனவள், பழக்கதோஷத்தில் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். வால் வைத்த வட்டம் அங்கே இருந்தது.

நானாவது, தேனீயாவது என்று சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தாள். காட்டில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த ஒருவருடைய அனுபவங்கள். அதிலும் வட்டம். அதற்கடுத்தது ஒரு கொலைக் கதை, அதற்கடுத்தது பாம்புக்கடி பற்றியது. எல்லாவற்றிலும் வட்டம், எல்லாவற்றிலும் வால். வால் மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தது. கை நடுங்கியிருக்கும் போல என்று அதற்கும் தன்னையே குற்றம் சொன்னாள். சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

அக்கா ஞோ சீனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் குழம்பில் மீன் விழுதை இரண்டு தடவை போட்டுவிட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு மகன் பெயர் போயிற்று. கடைசியில் ஒரு மத்தியானம், பார்க்கப் போன ஞோ மேயை விருந்தாளி போல உட்காரவைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டாள். அந்தத் தேநீரை எப்படிக் குடித்து முடித்தோம் என்பது இன்றைக்கும் ஞோ மேக்குத் தெரியாது.

மா வூட் யீயிடம் நேராகக் கேட்க வெட்கமாக இருந்தது. சும்மா விசாரிப்பது போல, இந்தத் தேனீப் புத்தகம் என்னிடம் வந்ததா என்று கேட்டாள்.

"உங்க வீட்டுக்குத்தானே போச்சு அத்தை, மழைக்காலத்துல. அந்த யானையும் அப்பத்தான்." மா வூட் யீ தைத்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏன், பக்கம் எதும் காணோமா?"

பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆளுக்குத்தான் பக்கம் உதிர்கிறது என்று சொல்ல முடியுமா? மழைக்காலத்தில் பாதி நாள் அவள் ரங்கூனில் மகள் சூ லேயின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். மீதிப் பாதியை நினைத்துப் பார்த்தாள். மழைதான் நினைவுக்கு வந்தது. மோல்மீன் மழையில் ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரித்துச் சொல்ல யாரால் முடியும்?

வட்டம் போட்ட புத்தகங்களாகப் பொறுக்கிப் பைநிறைய வீட்டுக்குக் கொண்டுபோனாள். படித்துப் பார்த்தால் ஒரு வரியாவது 'நான்தானே, தெரியவில்லையா' என்று சொல்லாதா என்கிற நப்பாசை.

ஒரு வரியும் சொல்லவில்லை. அதைவிடக் கொடுமை, புத்தகங்கள் நன்றாக இருந்தன. தேனீக்கள் புது ராணியை வளர்க்கிற இடத்தில் அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. யானை வைத்தியர் நிஜம் என்று எழுதியதெல்லாம் கட்டுக்கதை போல இருந்தது, கொலைக் கதையோ பக்கத்துத் தெருவில் நடந்தது போல இருந்தது. எது நிஜம், எது கதை என்று குழம்பிப் போய், இத்தனை வருஷம் நாவல் நாவல் என்று ஒரே அலமாரியைச் சுற்றி வந்தோமே என்று ஆச்சரியப்பட்டாள். ஆச்சரியப்பட்ட கையோடு பயம் வந்து உட்காரும். மட்டமான புத்தகத்தை மறந்தால் போகட்டும் என்று விடலாம். இவ்வளவு நல்லதையா மறந்தோம்? தலையணையில் சாய்ந்து பழைய டெலிபோன் நம்பர்களைச் சொல்லிப் பார்த்தாள். ஐஸ் ஃபேக்டரி, மரக்கடை, ஆஸ்பத்திரி, எல்லாம் வந்தன. அக்காவுக்கும் பழசெல்லாம் கடைசிவரை வந்தது.

கணவர் பா தெய்னிடம் இதை எப்படிச் சொல்வது? அவர் ஆற்றுப் படகில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். "காசு குடுத்துப் பொய்ய வாங்கிட்டு வர்றா பாரு" என்பது கல்யாணமான நாள் முதல் அவருடைய பாட்டு. மத்தியானமானால் படகுத்துறை டீக்கடைக்குப் போய்விடுவார், சாயங்காலம்தான் திரும்புவார். இந்தத் தடவை அவள் கையில் தேனீயைப் பார்த்ததும் ஏனோ ஒரு கிண்டலும் வரவில்லை. "நீ நாவல்தான படிப்ப?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார். அவருக்கே சந்தேகம் தட்டிவிட்டது என்று ஞோ மே எடுத்துக்கொண்டாள்.

பையில் கடைசியாக இருந்த மெலிந்த நாவலையும் படித்து முடித்த மறுநாள், மூடி மூடி வைத்து என்ன ஆகப்போகிறது என்று தீர்மானித்தாள். குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, புத்தகங்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் பாயில் வைத்து உட்கார்ந்தாள்.

"கோ பா தெய்ன், சூ லேகிட்டச் சொல்லி ரங்கூன்ல டாக்டரைப் பாக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்தாச்சு." ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். "இதெல்லாம் படிச்சிருக்கேன். ஒண்ணும் ஞாபகமில்ல. ஒரு நாள் உங்களையே பாத்து, நீங்க யாருன்னு கேப்பேன். அப்பக் கோவிச்சுக்காதீங்க."

பா தெய்ன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"அது நான்," என்றார்.

"எது?"

"வட்டம். நான் போட்டது."

பிறகு மெல்ல மெல்லப் பூனைக்குட்டி வெளியே வந்தது. அவள் ரங்கூன் போயிருந்தபோது, அவளுடைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவரிடம் மா வூட் யீ, சும்மா ஒன்றைக் கொண்டுபோங்களேன் மாமா என்றிருக்கிறாள். பொய்யில்லாத புத்தகமாகக் கொடு என்று தேனீயை வாங்கிவந்தார். யானையையும் படித்தார். பிறகு ஒரு நாவலை நிஜம் என்று நினைத்துப் பாதிவரை போய், பொய் என்று தெரிந்தபோது விட முடியவில்லை. மா வூட் யீயிடம் குறி எப்படிப் போடுவது என்று கேட்டால், உங்கள் வீட்டுக்குத்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்றாளாம். கடைக் கணக்கில் பெயர் வீட்டுக்கு ஒன்றுதான், குறியும் அப்படித்தான் போல, வாசல் நம்பர் மாதிரி என்று எடுத்துக்கொண்டார். ஞோ மே வந்த பிறகும் விட முடியவில்லை. டீக்கடையில் மத்தியானங்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன. இத்தனை வருஷம் கிண்டல் செய்த வாயால் அதை எப்படிச் சொல்வார்?

ஞோ மே தேனீப் புத்தகத்தை எடுத்து அவர் தோளில் ஒரு போடு போட்டாள். அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

"என் உசுரு பாதி போச்சு. ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வருஷம் பூரா என்னைச் சொல்லிக் காட்டியிருப்ப."

"இனிமே சொல்லிக் காட்ட மாட்டேன்னு நெனச்சீங்களா?"

பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது நீங்களா, நான்தான், இது, அதுவும் நான்தான் என்று போயிற்று. கிழட்டுப் பெண்யானை சாகிற இடத்தில் டீ ஆறிப்போய்க் கடைக்காரன் திட்டினான் என்றார் அவர். கொலைகாரன் யார் என்று தனக்குப் பாதியிலேயே தெரியும் என்றாள் அவள், தனக்குக் கடைசிவரை தெரியவில்லை என்று அவர் ஒத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் இருவரும் இப்படிப் பேசியதே இல்லை. ஞோ மேக்கு மழைக்காலம் முழுவதும் திரும்பக் கிடைத்தது போல இருந்தது.

அடியில் அந்த மெலிந்த நாவல் மட்டும் பாக்கி இருந்தது.

பா தெய்ன் அதைப் பிரித்தார். கடைசிப் பக்கத்தில் வட்டத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் அதைத் தடவினார்.

"இதுவும் நான்தான்," என்றார்.

ஆள் பக்கத்தில் நிற்கும்போதே 'அவர் வீட்டில் இல்லை' என்று சொல்லும் குரல்களை முப்பது வருஷம் கேட்டவள் ஞோ மே.

"எதைப் பத்தின கதை அது?"

"அது... ஆத்தைப் பத்தி. ஒரு படகோட்டி."

முந்தின நாள்தான் முடித்திருந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் அக்கா தங்கை இருவரைப் பற்றிய கதை. கடைசிவரை ஆறும் வரவில்லை, படகும் வரவில்லை. புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். மற்ற வட்டங்களுக்கெல்லாம் ஸ்பேனர் பிடித்த கையின் கோணல் வால். இதில் வால் நேராக இருந்தது, அவள் எப்போதும் போடுவது போலவே.

பா தெய்ன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனின் முகம் அவருக்கு.

"ஆமா," என்றாள் ஞோ மே. "படகோட்டிதான்."

அவருக்கு மூச்சு வந்தது. அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மீன் விழுது டப்பாவைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டவள், அப்படியே நின்றாள். முதலிலேயே போட்டோமா, இல்லையா? வாசனையை வைத்துச் சொல்ல முடியவில்லை. அடுக்களை முழுக்க எப்போதும் அந்த வாசனைதான். ஒரு வாய் எடுத்து ருசித்தாள். போட்டது போலவும் இருந்தது, போடாதது போலவும் இருந்தது.

"கோ பா தெய்ன், இதைக் கொஞ்சம் வாயில வச்சுப் பாருங்க."

அவர் வந்து கரண்டியை வாங்கி, ஊதி, குடித்தார்.

"சரியா இருக்கு."

"நிஜமாவா?"

அவர் இன்னொரு கரண்டி எடுத்துக் குடித்தார். "நிஜமாத்தான்."

நிஜமா, கதையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. டப்பாவை மூடி வைத்தாள்.