எழுபத்தைந்து கிராம்

புதிதாக வந்த மின்னணுத் தராசைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்த சுலோசனா, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, கைக்கு அகப்பட்ட பொருளை அதன்மேல் வைத்தாள். அகப்பட்டது ஆய்வகத்தில் செய்முறைக்கு வைத்திருந்த அந்தப் போல்ட். தராசு எண்பத்திரண்டு கிராம் என்று காட்டியது.

அம்பத்தூரில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இயற்பியல் எடுக்க வந்து அவளுக்கு ஏழு வருடம் ஆகிறது. ஏழு வருடமும் அந்தப் போல்ட் எழுபத்தைந்து கிராம்தான். பத்தாம் வகுப்புச் செய்முறையில் அதற்குப் பெயர் ‘தெரியாத எடை’. அளவுகோலை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கம் நூறு கிராம் எடைக்கல், மறுபக்கம் இந்தப் போல்ட். கோல் சாயாமல் நிற்கும்வரை நகர்த்தி, இரண்டு பக்கத்துத் தூரத்தையும் அளந்து கணக்குப் போட்டால் எடை வந்துவிடும். பெயர்தான் தெரியாத எடை, ஊருக்கே தெரியும். அண்ணன் நோட்டிலிருந்து தம்பிக்கும் அக்கா நோட்டிலிருந்து தங்கைக்கும் வழிவழியாக வந்த சொத்து அந்த எழுபத்தைந்து. விடையை முதலில் எழுதிவிட்டுத் தூரத்தை அதற்கேற்ற மாதிரி பின்னால் போட்டுக்கொள்வார்கள். சுலோசனாவுக்கும் இது தெரியும். அவளும் அப்படி எழுதித்தான் பாஸானவள்.

நூறு கிராம் கல்லை வைத்துப் பார்த்தாள். சரியாக நூறு. போல்ட்டை மறுபடி வைத்தாள். எண்பத்திரண்டு. ஆய்வக உதவியாளர் பச்சையப்பனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“பழைய எழுவத்தஞ்சு கிராம் இரும்புக் குண்டு தொலஞ்சி பத்து வர்ஷம் ஆவுது டீச்சர்,” என்றார் அவர். “நான்தான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்லேர்ந்து இந்த போல்ட்ட எட்தாந்து போட்டேன்.”

“சொல்லவே இல்லையே நீங்க.”

“எல்லாருக்கும் விடை கரீட்டா வந்துகினு இருந்திச்சி. நான் இன்னான்னு சொல்றது?”

எல்லாருக்கும் வரவில்லை. ஒருத்திக்கு வரவில்லை என்பது சுலோசனாவுக்கு அப்போதே ஞாபகம் வந்தது.

ஆறு வருடத்துக்கு முன் லாவண்யா என்றொரு பெண் மூன்று முறை அளந்திருந்தாள். 81.6, 82, 82.4. சராசரி எண்பத்திரண்டு. சுலோசனா அதைச் சிவப்பு மையால் அடித்துப் பக்கத்தில் 75 என்று எழுதினாள். மறுபடி அளந்து பார்க்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். “அம்பத்தொன்பது பேருக்கு வர்றது உனக்கு மட்டும் ஏன் வரல? ஒரு போல்ட்ட அளக்கத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்கு ஃபர்ஸ்ட் குரூப்பு?” என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். பிளஸ் ஒன் சேர்க்கையில் தலைமையாசிரியர் கேட்டபோதும் அதையே சொன்னாள். லாவண்யா கேட்டது அறிவியல், கிடைத்தது வணிகவியல். அவள் அம்மா வந்து ஆபீஸ் வாசலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனதைச் சுலோசனா பார்த்தாள். பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

“அந்தப் பொண்ணா? எங்க தெரு தான்,” என்றார் பச்சையப்பன், சுலோசனா அவள் பெயரைச் சொல்லி விசாரித்ததும். “காலேஜ பாதில வுட்டுட்டு எஸ்டேட்ல ஒரு கம்பெனில கீது.”

இதெல்லாம் திங்கட்கிழமை. வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு. இந்த வருடத்து அறுபது ரெக்கார்டு நோட்டும் எழுபத்தைந்தோடு கையெழுத்தாகி அலமாரியில் இருந்தன. இப்போது போய் மாற்றச் சொன்னால் பிள்ளைகள் குழம்பும், பெற்றோர் கேட்பார்கள், தலைமையாசிரியர் கேட்பார். தேர்வு முடியட்டும் என்று போல்ட்டைச் செய்முறைப் பெட்டியிலேயே போட்டுவிட்டாள். தேர்வும் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு கோலையும் தொட்டுப் பார்க்காமல், எல்லாருக்கும் விடை ஒன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள். சனிக்கிழமை பஸ் ஏறி எஸ்டேட்டுக்குப் போன சுலோசனா அதைத்தான் செய்தாள். போதாததற்கு, கையிலிருந்த இன்னொரு தும்பையும் இரண்டு நாள் முன்னால் விட்டுவிட்டுத்தான் போனாள்.

மோட்டார் சைக்கிள் பிரேக்கில் மாட்டும் இரும்புப் பின்கள் செய்கிற சின்னக் கம்பெனி அது. டீச்சர் என்றதும் உள்ளே விட்டார்கள். கடைசி மேசையில் பின்கள் நிறைந்த தட்டும் நீள நோட்டுமாக லாவண்யா உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

“லாவண்யா, அந்தப் போல்ட் எண்பத்திரண்டு கிராம்தாம்மா,” என்றாள் சுலோசனா. பஸ்ஸில் நூறு முறை சொல்லிப் பார்த்திருந்தாள். “நீ எழுதினதுதான் சரி. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்.”

“அதுவா மிஸ்? எனுக்கு அப்பவே தெரியுமே. மூணு தபா அளந்தேன் இல்ல?”

திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது சுலோசனாவுக்கு. அவள் திட்டவில்லை. வண்டி காத்திருக்கிறது, இந்தத் தட்டை மட்டும் முடித்துவிடுகிறேன் என்று சொல்லிப் பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு பின்னுக்கும் தடிமன் 12.01, 12.02, 12.01 மில்லிமீட்டர் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனாள். அளக்கிற கருவி மூடிய டப்பாவுக்குள் இருந்தது.

“அளக்கலையா நீ?”

“அளந்தா மாறி மாறி வருது மிஸ். வந்த புதுசுல அளந்துதான் எழுதினேன். உனுக்கு மட்டும் ஏன் இப்டி வருது, வேற யாருக்கும் வரலியேன்னு சூப்பர்வைசர் கத்துனாரு. போன தடவ இன்னா கீதோ அத்தயே எழுதிட்டா ஒரு பேச்சு கெடையாது.” அவள் குத்திக்காட்டவில்லை. வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னாள், அவ்வளவுதான்.

“இது பிரேக்குக்குப் போறதும்மா.”

“தெரியும் மிஸ்.”

லாவண்யா பக்கத்தைத் திருப்பினாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு தலை நிமிர்ந்தாள். பத்தாம் வகுப்பில் பார்த்த அதே முகம் ஒரு நொடி வந்து போனது.

“இப்ப பசங்க இன்னா எழுதறாங்க மிஸ்? எம்பத்திரண்டா?”

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த முகத்தைப் பார்த்து அதுவும் முடியவில்லை.

“எழுபத்தஞ்சு,” என்றாள் சுலோசனா.

லாவண்யா தலையாட்டிவிட்டு, அடுத்த வரியில் 12.01 என்று எழுதினாள்.