காட்டுப் புதினா வரிசை

நாற்பது நாளாக மழையும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் காட்டவில்லை. அப்படியும் பாத்தியில் காட்டுப் புதினா மட்டும் தளதளவென்று நின்றது.

நகரப் பூங்கா அலுவலகத்தில் செடிகளைச் சோதித்து மதிப்பெண் போடுபவள் அவள். சாலையோரம் அழகுக்கு வைக்க, வாசனையுள்ள நாட்டுச் செடிகளில் எது வெயிலைத் தாங்கும் என்பதுதான் சோதனை. பன்னிரண்டு வரிசைகளில் பத்து கருகிவிட்டன. நொச்சி பாதி இலையை உதிர்த்துவிட்டு முறைத்துக்கொண்டு நின்றது.

"அப்பாடா, ஒண்ணாவது தேறுச்சே!" இயக்குநர் புதினா இலையைக் கசக்கி முகர்ந்தார். "வாசனை ஆளைத் தூக்குது. கையெழுத்துப் போடும்மா, ஆஸ்பத்திரி ரோட்டுக்கு இதையே வச்சிடலாம்."

அவள் பாத்தியருகே குனிந்தாள். தண்ணீர் இல்லாவிட்டால் நாலே நாளில் தலை சாயும் செடி அது. வேரடியில் விரலை விட்டாள். நகக்கண்ணில் சேறு ஒட்டியது.

வேலியோரம் நின்ற தோட்டக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

"ஒரு நிமிஷம் சார்" என்று நழுவி அவனிடம் போனாள்.

"தண்ணி ஊத்தினியாண்ணே?"

"கத்தாதே. ஒண்ணுமே தேறலைன்னா இந்த இடத்தை வண்டி நிறுத்த எடுத்துக்குவாங்கன்னு நீதானே அழுதே? உனக்காகத்தான் செஞ்சேன். பேசாம கையெழுத்துப் போடு."

"முதல் கோடையிலயே ரோடு முழுக்கக் காஞ்சு கிடக்கும்ணே."

"சொன்னா என் வேலை போயிடும். அண்ணி மூஞ்சில எப்படி முழிப்பே?"

இயக்குநர் பேனாவை நீட்டியபடி வந்துகொண்டிருந்தார். அவள் அதை வாங்கவில்லை.

"சார், இந்த வரிசை செல்லாது. தண்ணி பட்டிருக்கு."

"யாரு ஊத்தினது?"

அவள் நகக்கண்ணின் சேற்றைத் துடைத்தாள். அண்ணன் பக்கம் திரும்பவில்லை. இயக்குநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கடுகடுத்தது.

"நான்தான் சார்" என்றான் அண்ணன். "அவளுக்குத் தெரியாது."

இயக்குநர் கத்தித் தீர்த்தார். நல்லவேளையாக அண்ணனுக்கு வேலை போகவில்லை. ஊரின் மறுகோடிப் பூங்காவுக்கு மாற்றினார்கள். சோதனைக்கு இன்னொரு நாற்பது நாள் கிடைத்தது. இந்த முறை குழாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியை இயக்குநரே வைத்துக்கொண்டார். நொச்சி தட்டுத்தடுமாறித் தேறியது. பாதிச் சாலைக்குத்தான் அனுமதி. இடம் அந்த வருடத்துக்குத் தப்பியது.

அண்ணன் இரண்டு மாதம் பேசவில்லை. அண்ணிதான் போன் செய்தாள்.

"உங்க அண்ணன் தினம் ரெண்டு பஸ் மாறிப் போறாரு. ஏறும்போதும் திட்டு, இறங்கும்போதும் திட்டு. எல்லாத்தையும் நானா கேக்கிறது? ஞாயித்துக்கிழமை வந்து உன் பங்கை நேர்ல வாங்கிக்கோ."

அவள் போனாள்.