மரிசோலின் ஆறு நிமிடம்

சுவர் டிவியில் ரூபாவின் பெயர் தன் பெயருக்கு மேலே ஏறியிருந்ததைக் கீர்த்தி பார்த்தபோது கையில் டீ கப் இருந்தது. யார் எத்தனை நிமிட ஒலிப்பதிவை எழுதி முடித்தார்கள் என்ற பட்டியல் அந்த டிவியில் நாள் முழுக்க ஓடும். ஒன்பது வருஷமாக முதல் இடம் கீர்த்தியுடையது. புதிதாகச் சேருகிறவர்களை அழைத்து வந்து, "இதோ, இவர்தான்" என்று காட்டுவார்கள். இப்போது அந்த இடத்தில், சேர்ந்து இரண்டே வருஷமான ஒரு பெண்.

"இன்னாக்கா, டீ ஆறிப்போச்சே" என்றாள் ரூபா, பின்னாலிருந்து.

"ஆறினாலும் டீதான். நீ போய் உன் பேரைப் பாத்துக்கினு இரு."

"நான் எங்கக்கா பாக்கிறேன்? அதுதான் என்னைப் பாத்துக்கினு கீது."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். கீர்த்தியும் சிரித்தாள். வயிற்றில் மட்டும் ஏதோ பற்றிக்கொண்டது.

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகும் சாலையில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. அமெரிக்காவின் சிறிய ஊர்களில் பள்ளி வாரியம் கூடிப் பேசுவதை இங்கே உட்கார்ந்து கேட்டு எழுத்தாக்கித் தருவதுதான் வேலை. காது கேளாதவர்கள் வீடியோவின் அடியில் படிப்பது இந்த எழுத்தைத்தான். நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் வாரியம் எடுத்துக் காட்டுவதும் இதைத்தான். அங்கே திங்கட்கிழமை மாலை முடியும் கூட்டம், இங்கே செவ்வாய்க்கிழமை காலை ஹெட்போனுக்கு வந்துவிடும். நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் கீர்த்தி. எத்தனை இரைச்சலிலும் ஒரு குரலைத் தனியாகப் பிரித்துப் பிடித்துவிடுவாள். அந்தக் காதுதான் அவளுக்குச் சோறு போட்டது.

ஆனால் அந்தக் காதுக்கு எட்டாத பக்கமாக வேலை திரும்பிக்கொண்டிருந்தது.

டெக்சாஸில் ஒரு ஊரின் வாரியத்தை அவள் முதல் நாளிலிருந்து எழுதி வருகிறாள். அப்போது மாதத்துக்கு ஒருவரோ இருவரோ ஸ்பானிஷில் பேசுவார்கள். கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து, தயங்கித் தயங்கி, பாதியில் நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். வாரியத்தின் ஏழு பேரும் வெள்ளைக்காரர்கள். இப்போது ஏழில் நால்வர் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தலைவி ஒரு பெண், அவளுடைய தாத்தா அதே ஊரில் பருத்தி பொறுக்கியவர். கூட்டம் நடக்கும் இடத்தின் வாசலில் மேசை போட்டு வாக்காளர் பெயர் சேர்க்கிறார்கள். பள்ளியின் கடிதங்கள் இரண்டு மொழியில் போகின்றன. பேச வருகிறவர்களில் பாதிப் பேர் ஸ்பானிஷ்தான். பேச்சுக்கு மூன்று நிமிடம் என்பது விதி. மொழிபெயர்ப்பு வைத்துப் பேசுகிறவருக்கு ஆறு நிமிடம். அந்த மொழிபெயர்ப்பு உறுப்பினர்களின் காதுக்கருவிக்கு நேராகப் போய்விடும், பதிவில் விழாது. ஆகவே ஸ்பானிஷ் தெரிந்த ஒருவர் இங்கே உட்கார்ந்து அதைக் கேட்டு எழுதியாக வேண்டும்.

அந்த ஒருவர் ரூபா. கார்வேட்டிநகரம் பக்கம் விவசாயக் குடும்பம். பஸ்ஸில் புத்தூர், புத்தூரிலிருந்து ரயிலில் ரேணிகுண்டா என்று வந்து போகிற நேரத்திலெல்லாம் போனில் ஸ்பானிஷ் படித்தவள். "அதைக் கத்துக்கினு யார்கிட்ட பேசப்போறே, திருப்பதி லட்டுகிட்டயா?" என்று அப்போது கேட்டது கீர்த்திதான். அலுவலகமே சிரித்தது. இப்போது அதை நினைத்தால் அவளுக்குக் காது சுடுகிறது.

மாதக் கடைசியில் டீம் லீட் யார் என்று அறிவிக்கப் போகிறார்கள். எழுதிய நிமிடம் அதிகம், பிழை குறைவு, இரண்டையும்தான் பார்ப்பார்கள். இந்தத் தடவை விட்டால் ரூபாவுக்குக் கீழே வேலை செய்ய வேண்டும். அதை நினைத்தாலே கீர்த்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம் நகரியிலிருந்து அண்ணன் மணிவேல் போன் செய்தான். அவன் மகள் பிரித்திகா தமிழ் மீடியத்தில் நாலாவது படிக்கிறாள். அந்த வகுப்பைத் தூக்கி மெயின் ரோட்டுக்கு அப்பால் இருக்கிற இன்னொரு பள்ளியோடு சேர்க்கப் போகிறார்களாம். பெற்றோர் கமிட்டியில் மணிவேல் எழுந்து பேசியிருக்கிறான்.

"கால் மணி நேரம் பேசினேன் கீர்த்தி. லாரி போற ரோடு, பசங்க எப்பிடி தாண்டும்னு கேட்டேன். தெலுங்குல தீர்மானம் எழுதினாங்க. கையெழுத்து போட்டப்புறம் படிச்சுப் பாக்கிறேன், மத்தவங்களும் பேசினாங்கன்னு ஒரே வரி. என் பேரு கூட இல்ல."

"தெலுங்குலயே பேசியிருக்கலாமில்ல?"

"கோவம் வந்தா எனக்கு தமிழ்தாம்மா வருது."

போனை வைத்தபின் கீர்த்திக்கு அண்ணன் மேல் இரக்கத்தைவிட, எங்கோ டெக்சாஸில் இருப்பவர்கள் மேல் எரிச்சல் அதிகமாக வந்தது. எங்கிருந்தோ போய்க் குடியேறியவர்களுக்குக் காதுக்கருவி, ஆறு நிமிடம், தலைவி நாற்காலி. தலைமுறை தலைமுறையாக இதே மண்ணில் தறி ஓட்டுகிறவனுக்கு ஒரு வரி, அதிலும் பெயர் இல்லை. அவர்களிலும் பலர் அந்த மண்ணில் எத்தனையோ காலமாக இருப்பவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். எரிச்சலுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள்.

வேலையின் முறை இதுதான். ஆங்கிலம் எழுதுகிறவர் முழுப் பதிவையும் முதலில் கேட்பார். ஸ்பானிஷ் வந்தால் பச்சை பட்டனை அழுத்த வேண்டும், அந்தத் துண்டு ரூபாவின் திரைக்குப் போய்விடும். வணக்கம், நன்றி என்று இரண்டொரு வார்த்தை மட்டும் வந்தால் அனுப்ப வேண்டாம். 'வேற்று மொழியில் பேசுகிறார்' என்று மூன்று சொல் போட்டு நகர்ந்துவிடலாம். கீர்த்தி முதல் நாள் இருபது விநாடிப் பேச்சுக்கு அந்த மூன்று சொல்லைப் போட்டாள். யாரும் கேட்கவில்லை. அடுத்தது ஒரு நிமிடம். பிறகு ஒரு கிழவரின் முழுப் பேச்சு. ஸ்பானிஷ் அதிகம் வரும் ஊர்களெல்லாம் கீர்த்தியின் கையில் இருந்ததால், டிவியில் ரூபாவின் நிமிடங்கள் நின்றுபோயின. கீர்த்திக்குப் பசி திரும்பியது.

"என்னன்னே தெரியல அக்கா, எனக்கு வேலையே வர மாட்டேங்குது" என்றாள் ரூபா.

"அங்க லீவு நாளா இருக்கும்" என்றாள் கீர்த்தி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மாதத்தின் மூன்றாவது வாரம் வந்தது மரிசோல் என்ற அம்மாவின் பேச்சு. வீடியோவில் அவள் நன்றாகத் தெரிந்தாள். பெட்ரோல் பங்க் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் நாலாக மடித்த காகிதம். மணி அடிக்கும்வரை முழு ஆறு நிமிடமும் பேசினாள். கடைசியில் காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள், கூட்டம் எழுந்து கைதட்டியது. கீர்த்திக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆறு நிமிடம் ரூபாவின் கணக்கில் ஏறினால் பட்டியல் மறுபடி மாறும் என்பது மட்டும் புரிந்தது. கை பச்சை பட்டனுக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு மூன்று சொல்லைத் தட்டியது.

மாதக் கடைசியில் டிவியில் கீர்த்தியின் பெயரே முதலில் இருந்தது. அறிவிப்பு மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. அந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை, அதே ஊர்ப் பதிவில் மரிசோல் மறுபடி மைக் முன்னால் வந்து நின்றாள்.

கீர்த்தியின் விரல் தானாகவே அந்த மூன்று சொல்லுக்குத் தயாரானது. ஆனால் மரிசோல் இந்தத் தடவை ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். உடைந்த ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லையும் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வந்தவள் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"போன மாதம் நான் ஆறு நிமிடம் பேசினேன். உங்கள் எழுத்தில் மூன்று சொல்தான் இருக்கிறது. என் மகனுக்குக் காது கேட்காது. அம்மா என்ன பேசினாள் என்று அவன் வீடியோவில் படிக்க ஆசைப்பட்டான். அம்மா வேற்று மொழியில் பேசினாளாம். அவனுக்கு அது வேற்று மொழி இல்லை."

ஆங்கிலம். கீர்த்தியின் வேலை. அனுப்ப வேறு ஆள் இல்லை. 'ஒலி தெளிவில்லை' என்று போட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஒலி மிகத் தெளிவாக இருந்தது. தான் செய்ததைத் தன் விரலாலேயே, ஒரு சொல் விடாமல், கீர்த்தி எழுதி முடித்தாள். வாரியத் தலைவி, "யாருடைய தவறென்று கண்டுபிடிப்போம்" என்று பதில் சொன்னாள். அதையும் எழுதினாள்.

இரண்டு நாளில் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. மேனேஜர் சிரஞ்சீவி இருவரையும் கேபினுக்குள் கூப்பிட்டார்.

"ரூபா, ஸ்பானிஷ்னா நீதானம்மா பொறுப்பு. அவுனா, காதா? ஆமாவா, இல்லையா?"

"அவுனு சார். ஆனா அந்தத் துண்டு எனக்கு வரவே இல்ல."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. வந்திருக்கும், கவனிக்காம மூடியிருப்பே, எழுதாம மூடினா அந்த மூணு சொல் தானா விழுந்துடும். கிளையண்ட் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? சரே, விடு. லீட் கீர்த்திதான். நாளைக்கு மெயில் போடறேன். கீர்த்தி, இவளை கொஞ்சம் பார்த்துக்கோ."

கீர்த்தி தலையாட்டினாள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும் யாரோ கை கொடுத்தார்கள், யாரோ மைசூர்பாகு வாங்கிவர ஓடினார்கள்.

ரூபா மட்டும் தன் இடத்துக்குப் போய் ஹெட்போனை மாட்டினாள். போன மாதம் தான் செய்த பழைய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

"துன்னுட்டு வந்து பாரேன்டீ" என்றாள் கீர்த்தி.

"எங்க விட்டேன்னு தெரியணும் அக்கா. நான்தான் தூங்கிட்டேனா, என் காதுலதான் கோளாறா, ஒண்ணும் புரியல." அவள் கண் சிவந்திருந்தது. டிவியே தன்னைப் பார்க்கிறது என்று அன்றைக்குச் சொன்னவள், இப்போது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கீர்த்தி தன் மேசையில் மைசூர்பாகைத் தொடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். போட்டியில் தோற்றவளைப் பார்க்கும் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. காது அவளுடைய பெருமை. இன்னொருத்தி தன் காதையே சந்தேகப்படும்படி செய்துவிட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பழைய பதிவைத் திறந்தாள். மரிசோல் மைக் முன்னால் வந்து நின்ற இடத்தைத் தேடினாள். மூன்று சொல்லை அழித்தாள். பச்சை பட்டனை அழுத்தினாள்.

நாலு மேசை தள்ளி ரூபாவின் திரையில் அந்தத் துண்டு போய் விழுந்தது. எந்தத் துண்டோடும் கூடவே போகிற வரி அதனோடும் போயிற்று. பதிவை முதலில் கேட்டவர் யார், எந்தத் தேதியில், என்ன குறித்தார், எல்லாம் அதில் இருக்கும்.

ரூபா அந்த வரியைப் படித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு நிமிடத்தையும் கேட்டு எழுதி முடித்த பிறகுதான் எழுந்து வந்தாள்.

"இன்னா பேசுச்சு அந்தம்மா?" என்றாள் கீர்த்தி.

"ஸ்கூல் பஸ் ஹைவேக்கு அந்தப் பக்கம் நிக்குதாம். காது கேக்காத புள்ள, ஹாரன் அடிச்சா தெரியாது. தெனம் ரோடு தாண்டறான். ஸ்டாப்பை இந்தப் பக்கம் மாத்துங்கன்னு நூத்திப்பத்து கையெழுத்து கொண்டாந்து காட்டிச்சு." ரூபாவின் குரல் தட்டையாக இருந்தது. "இது மாதிரி மொத்தம் எத்தனை?"

"இருபத்திமூணு."

"எல்லாத்தையும் அனுப்பு. அனுப்பிட்டு சார்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நல்லா இருக்காது."

"கோவமா?"

"பின்ன இன்னா, கொஞ்சுவாங்களா? லட்டுகிட்ட பேசப்போறியான்னு கேட்டப்ப நானும் சிரிச்சேன் அக்கா. இதுக்கு சிரிக்க முடியாது."

இருபத்திமூன்றையும் அனுப்பிவிட்டுக் கீர்த்தி கேபினுக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சிரஞ்சீவி கத்தவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. மறுநாள் போன மெயிலில் லீட் ரூபா. கீர்த்திக்கு மூன்று மாதம் எச்சரிக்கை, அவள் எழுதுவதையெல்லாம் ரூபா சரிபார்க்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் மரிசோலின் முழுப் பேச்சையும் தலைவி வாய்விட்டுப் படித்தாள். பஸ் ஸ்டாப்பை மாற்றுவது வாக்கெடுப்புக்கு வந்தது, ஏழு ஓட்டில் ஐந்து பெற்று நிறைவேறியது. ஆங்கிலப் பகுதியைக் கீர்த்திதான் எழுதினாள். சரிபார்த்த ரூபா ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றி அனுப்பினாள்.

அன்று மாலை ரேணிகுண்டா ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது கீர்த்தி அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அடுத்த மீட்டிங் எப்பண்ணா?"

"வர்ற சனிக்கிழமை. ஏன்?"

"போ. எழுதினத அங்கயே வாய்விட்டு படிக்கச் சொல்லு. நீ பேசினதும் உன் பேரும் அதுல வர்ற வரைக்கும் கையெழுத்து போடாத, எழுந்தும் வராத. கூட நூறு பேர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கினு போ. தெலுங்குல எழுதணும்னா நான் வந்து எழுதித் தரேன்."

"இன்னா திடீர்னு இவ்ளோ ரோஷம்?"

சாலையில் ஒரு லாரி போயிற்று. அது தாண்டும்வரை காத்திருந்தாள்.

"டெக்சாஸ்ல ஒரு அம்மா ஒரே மாசத்துல பஸ்ஸையே இந்தப் பக்கம் திருப்பிடுச்சுண்ணா. அதைப் பாத்துட்டு எனக்கு வயிறு எரியுது" என்றாள் கீர்த்தி. "நீ போய்ப் பேசு."