ஏர்பேக் விளக்கு

குடும்பத்தில் அவனுக்கு பிஸ்டன் என்று பெயர். வாயைத் திறந்தால் கார்தான். ஆட்டோமேட்டிக் கியர் இடது கால் இல்லாதவனுக்கு, சன்ரூஃப் துணி காயப்போடுகிறவனுக்கு, வெள்ளை நிறம் பயந்தாங்கொள்ளிக்கு. பந்தயப் பேச்சு இன்னும் மோசம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மாட்டுக்குக்கூடத் தெரியும், பிரேக்கை எப்போது மிதிப்பது என்று தெரிந்தவன்தான் பந்தயக்காரன் என்பான். கல்யாண வீட்டிலும் சொல்வான், சாவு வீட்டிலும் சொல்வான். பிழைப்பு ஒரு ஹோட்டல் வாசலில். வருகிறவர்களிடம் சாவியை வாங்கி வண்டியை அடித்தளத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஊரிலுள்ள எல்லா மாடலையும் ஓட்டியிருக்கிறான். எதையும் இரண்டாவது கியரைத் தாண்டி ஓட்டியதில்லை.

தங்கையின் புருஷன் பழைய கார் வாங்கப் போகும்போது துணைக்குக் கூப்பிட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவன் அவன் கருத்தைக் கேட்கிறான். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான்.

விற்கிறவன் கைகொடுத்தான். "சாரும் கார் லைன்தானா?"

"பின்ன? மச்சான் பெரிய எக்ஸ்பர்ட்டு" என்றான் தங்கை புருஷன். "டிப்ஸ் வாங்கி வாங்கியே எக்ஸ்பர்ட் ஆனவரு. சொந்தமா ஒரு சைக்கிள்கூட கிடையாது."

இருவரும் சிரித்தார்கள். விற்கிறவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். பிஸ்டனும் சிரித்துவைத்தான். காது மடல் சுட்டது.

உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். ஆயில் எரிந்தது, பேட்டரி எரிந்தது, பிரேக் எரிந்தது. ஏர்பேக் விளக்கு எரியவில்லை. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினான். எரியவில்லை. ஸ்டியரிங் பழசு, தேய்ந்து வழவழத்திருந்தது. உள்ளே ஏர்பேக் மடிந்திருக்கும் அதன் நடுமூடி மட்டும் புத்தம்புதுசு. விஷயம் புரிந்துவிட்டது. வண்டி எங்கேயோ மோதி, காற்றுப்பை வெடித்திருக்கிறது. வேறு பை வைக்காமல் வெறும் மூடியை மாட்டி, காட்டிக்கொடுக்கிற விளக்கையும் பிடுங்கிவிட்டார்கள்.

"என்ன மச்சான், ரொம்ப நேரமா மொறைக்கிறீங்க?" தங்கை புருஷன் ஜன்னலில் குனிந்தான். "ஏதாவது குறை சொல்லலன்னா தூக்கம் வராதே உங்களுக்கு."

பல்லெல்லாம் தெரிந்தது. அந்தப் பல் இந்த மூடியில் போய் முட்டுவதை பிஸ்டன் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். நன்றாக இருந்தது.

"குறையே இல்ல மாப்ள. நல்ல வண்டி. கண்ண மூடிட்டு வாங்குங்க."

மறுநாள் வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. தங்கை ஈரக் கையோடு வெளியே ஓடிவந்தாள். புருஷன் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

"உனக்குத்தான்டி. பஸ்ல நசுங்கி ஆபீஸ் போனது போதும். நான் பைக்லயே போய்க்கிறேன்."

பிஸ்டன் ஜன்னல் வழியே ஸ்டியரிங்கின் புது மூடியைப் பார்த்தான்.

"அண்ணா, நீ பாத்தியா? நிஜமாவே நல்ல வண்டியா?"

"அவரு ஓகே சொன்னதாலதான் வாங்குனேன்" என்றான் புருஷன். இந்தத் தடவை நக்கல் இல்லை. "என்ன சொன்னாலும் மச்சானுக்கு கண்ணு கண்ணுதான். நேத்து நான் பேசுனத மனசுல வச்சிக்காதீங்க மச்சான்."

சொல்லிவிடலாம். ஒரே வரிதான். சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். இல்லாவிட்டால், நேற்று தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அப்புறம் அவன் என்ன எக்ஸ்பர்ட்?

"நல்ல வண்டிதாம்மா" என்றான்.

தங்கை குள்ளம். உட்கார்ந்ததும் சீட்டை முன்னால் இழுத்தாள். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு கை நுழையும், அவ்வளவுதான்.

"கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காரேன்" என்றான் பிஸ்டன்.

"எட்டாதுண்ணா, பிரேக் எட்டணும்ல" என்றவள் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தாள். சீட் டக்கென்று பூட்டிக்கொண்டது.